கத்தாமல் வகுப்பை நடத்த முடியுமா? புது டீச்சரின் திட்டம், உங்கள் கருத்து தேவை

புதுச்சாக்பீஸ் | திங்கள், இரவு 9.14

எல்லாருக்கும் வணக்கம். இந்தக் கல்வியாண்டுதான் வேலையில் சேர்ந்தேன். எட்டாம் வகுப்புக்கு அறிவியல், அதே வகுப்புக்கு கிளாஸ் டீச்சரும் நான்தான். 44 பிள்ளைகள். பாடம் நடத்த பயம் இல்லை, வகுப்பை நடத்தத்தான் பயம்.

ஸ்டாஃப் ரூமில் கிடைக்கிற அறிவுரை எல்லாம் ஒரே அச்சு. "முதல் மாசம் சிரிக்காதே. ஒருத்தனைப் பிடிச்சு எல்லார் முன்னாடியும் நல்லா வாங்கு, மத்ததெல்லாம் தானா அடங்கும்." எனக்கு அவ்வளவு குரல் கிடையாது. கத்தினால் மதியத்துக்குள் தொண்டை கட்டிக்கும். அதனால் வேற வழியில் போயிட்டிருக்கேன்:

பிள்ளைகள் உள்ளே வரும்போது நான் கதவுப் பக்கத்தில் நிற்பேன். அதுக்கு முன்னாடியே போர்டில் ஒரு சின்ன கேள்வி இருக்கும், வந்து உட்கார்ந்ததும் என்னைக் கேட்காமலே அதை எழுத ஆரம்பிக்கணும். அந்த நேரத்தில் அட்டெண்டன்ஸ் முடிச்சிடுவேன். "பேசுறவன் பேரை போர்டில் எழுது"ன்னு லீடர்கிட்ட சொல்ற பழக்கத்தை நிறுத்திட்டேன். விதிகள் மூணே மூணு, சார்ட்டில் ஒட்டியிருக்கு. "சைலன்ஸ்"னு கத்துறதுக்குப் பதிலா கையைத் தூக்கிட்டு நிற்பேன். வகுப்பை ஆறு குழுவாப் பிரிச்சு நட்சத்திரம் போடுறேன். வாரக் கடைசியில் அதிகம் வாங்கின குழு, வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் என்ன செய்யலாம்னு முடிவு பண்ணும்.

முதல் பத்து நிமிஷம் அருமையாப் போகுது. புத்தகத்தை வெச்சிட்டு குழு வேலைக்கு மாறச் சொன்னதும் சந்தைதான். கடைசி இடத்தில் இருக்கிற குழு நட்சத்திரத்தைப் பத்திக் கவலைப்படுறதையே விட்டுட்டாங்க. ஒரு பையன், நான் போர்டு பக்கம் திரும்பினால் போதும், பேனாவால் பெஞ்சில் தாளம் போடுறான். பக்கத்து வகுப்பு டீச்சர் ரெண்டு தடவை எட்டிப் பார்த்துட்டாங்க.

திட்டமே தப்பா, இல்லை இன்னும் கொஞ்சம் பொறுக்கணுமா?

---

நீலமசி | திங்கள், இரவு 9.50

இருபது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நிற்பவன் என்ற முறையில் சொல்கிறேன், வருத்தப்பட வேண்டாம். பிள்ளைகள் மேல் கை வைப்பது தவறு, அதில் இரண்டாம் பேச்சில்லை. "அடியாத மாடு படியாது" கோஷ்டியில் நான் இல்லை. ஆனால் கண்டிப்பு வேறு, அடி வேறு.

இறுக்கிப் பிடித்துவிட்டுப் பிறகு தளர்த்தலாம். தளர்த்திவிட்டு இறுக்க முடியாது. ஆரம்பத்திலேயே அன்பான டீச்சர் என்று பெயர் வாங்கிவிட்டால் பிறகு உயர்த்துகிற குரலை யாரும் நம்ப மாட்டார்கள். உங்கள் கை தூக்கலும் நட்சத்திரமும் முதல் இடைப்பருவத் தேர்வு வரை தாங்கினால் பெரிய விஷயம்.

---

கடைசிபெஞ்ச் | திங்கள், இரவு 10.05

நான் டீச்சர் இல்லீங்க. நீங்கல்லாம் யாரைப் பத்திப் பேசுறீங்களோ அந்த ஆளு. பள்ளிக்கூட வாழ்க்கை முழுக்க போர்டில் பேர் இருந்தவன்ங்கிற தகுதியில் ரெண்டு வார்த்தை.

பேர் எழுதுற வேலையை நிறுத்தினதுக்கே டீச்சருக்கு ஒரு சல்யூட். அது எப்படி நடக்கும் தெரியுமா? லீடரோட ஃபிரண்டு பேசினா பேர் ஏறாது. நாம இருமினாலே ஏறிடும். ஏறினதுக்கு அப்புறம் மறுபடி பேசினா பேருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டு 2, அப்புறம் 3. பேர் ஏறிப்போச்சு, இனி ரெண்டா இருந்தா என்ன, பத்தா இருந்தா என்ன? நானும் இன்னொருத்தனும் யாருக்கு நம்பர் பெருசா வருதுன்னு போட்டியே வெச்சிருந்தோம். அந்தப் போர்டு எங்களுக்கு ஸ்கோர்போர்டு.

"எல்லார் முன்னாடியும் வாங்கு"ங்கிறதும் அப்படித்தான். வாங்கினவன் அன்னைக்கு இன்டர்வலில் ஹீரோ.

---

ஐந்தாம்பீரியட் | திங்கள், இரவு 11.20

நல்ல இழை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டாஃப் ரூம் அறிவுரை இருக்கிறதே, "ஒருவனைக் கண்டித்தால் மற்றவர்கள் தானாக அடங்குவார்கள்" என்பது, அதை ஒருவர் உட்கார்ந்து ஆராய்ச்சியே செய்திருக்கிறார். ஜேக்கப் கவுனின் என்கிற அமெரிக்க உளவியலாளர். கல்லூரி வகுப்பில் அவர் பாடம் நடத்தும்போது ஒரு மாணவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார். கவுனின் கண்டிக்கிறார். உடனே, எந்தத் தப்பும் செய்யாத மற்ற மாணவர்கள் எல்லாம் நிமிர்ந்து உட்காருகிறார்கள், ஓரப்பார்வை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நோட்டைப் பார்க்கிறார்கள். ஒருவருக்குக் கொடுத்த கண்டிப்பு மற்றவர்களிடம் பரவுகிறதே என்று அங்கிருந்துதான் அவர் ஆராய்ச்சி தொடங்குகிறது. அதாவது நம் ஸ்டாஃப் ரூம் நம்புகிற அதே இடத்திலிருந்து.

எந்த மாதிரிக் கண்டிப்பு நன்றாக வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் போனார். நிஜ வகுப்புகளில் கேமரா வைத்துப் பதிவு செய்து பார்த்தார். 1970இல் வந்த அவருடைய முடிவு அவருக்கே எதிர்பாராதது. நன்றாக நடக்கும் வகுப்பின் ஆசிரியரும் சந்தைக்கடை வகுப்பின் ஆசிரியரும் கண்டிக்கிற விதத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கோபமாகச் சொன்னாலும் பொறுமையாகச் சொன்னாலும் அதை வைத்து வகுப்பு எப்படி இருக்கும் என்று சொல்ல முடியவில்லை. தப்பு நடந்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதை விட்டு, அதற்கு முன்னால் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது.

அவர் கண்டதில் நமக்கு உதவக்கூடியவை இரண்டு. ஒன்று, நல்ல ஆசிரியருக்கு முதுகிலும் கண் இருக்கிறது என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை மிரட்டலால் வருவதில்லை. சரியான ஆளை, சரியான நேரத்தில் கவனிப்பதால் வருகிறது. மூன்று பேர் பேசி, நான்காவது ஆள் சிரித்து, நீங்கள் சிரித்தவனைத் திட்டினால் வகுப்பு மொத்தமும் உங்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடும். இரண்டாவது, ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு மாறும் இடம். தொய்வு அங்கேதான் விழுகிறது.

உங்கள் பதிவையே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். முதல் பத்து நிமிடம் நன்றாகப் போகிறது, ஏனென்றால் அங்கே அடுத்து என்ன என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். குழு வேலைக்கு மாறும்போது சந்தை. போர்டுப் பக்கம் திரும்பும்போது தாளம். இரண்டும் இடைவெளிகள். 44 பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் கையில் வேலை இல்லை. பயப்படுகிற வகுப்பாக இருந்தாலும் அந்த இடைவெளியில் சத்தம் வரும், கொஞ்சம் குறைவாக வரும், அவ்வளவுதான்.

ஒரு கேள்வி. குழு வேலைக்கு மாறச் சொல்லும்போது அப்படியே என்ன வார்த்தைகள் சொல்கிறீர்கள்? நினைவிருந்தால் எழுதுங்கள்.

---

புதுச்சாக்பீஸ் | செவ்வாய், காலை 6.40

நேத்து சொன்னது கிட்டத்தட்ட இதுதான்: "சரி, புத்தகத்தை மூடுங்க, எல்லாரும் குழுவா உட்காருங்க, லீடர் மட்டும் வந்து லிட்மஸ் தாளும் டம்ளரும் வாங்கிட்டுப் போங்க, நோட்டில் டேபிள் போட்டுக்கோங்க, ஏய் எங்கே போறே, உட்காரு, யாரு உன்னை எந்திரிக்கச் சொன்னா, உட்காருப்பா..."

எழுதிப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருது.

---

ஆனாஆவன்னா | செவ்வாய், காலை 7.15

அந்த "உட்காரு"வைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகணும். நான் ஒன்றாம் வகுப்பு டீச்சர், அதனால் இது என் சொந்தக் கதை மாதிரி.

1968இல் மாட்சன், பெக்கர் குழுவினர் ஒன்றாம் வகுப்பில் ஒரு சோதனை செய்தாங்க. பிள்ளைகள் அடிக்கடி எழுந்து நடமாடுறாங்க, டீச்சர் "உட்காரு" என்கிறார். சரி, இன்னும் அதிகமா "உட்காரு" சொல்லிப் பார்க்கலாம்னு சொல்ல வெச்சாங்க. எழுந்து நிற்கிற பிள்ளைகள் எண்ணிக்கை கூடிப்போச்சு! சொன்ன அந்த நொடியில் பிள்ளை உட்காருது, அதனால் டீச்சருக்கு "பலிக்குது"ன்னு தோணுது. ஆனா டீச்சர் தன் பக்கம் பார்க்கணும்னா எழுந்தால் போதும்னு மொத்த வகுப்பும் கத்துக்கிச்சு. அதே டீச்சர்கள் ஒழுங்கா உட்கார்ந்து வேலை செய்றவங்களைப் பாராட்ட ஆரம்பிச்சதும் எழுந்திருக்கிறது குறைஞ்சது.

அதே ஆண்டில் அதே குழுவினர் விதிகளை மட்டும் எழுதி ஒட்டிப் பார்த்திருக்காங்க. விதி மட்டும் இருந்தால் பெரிசா ஒன்னும் மாறலை. சார்ட் ஒட்டினது தப்பில்லை டீச்சர், ஆனா அது சுவருக்குத்தான் அழகு. அதைப் பின்பற்றுற பிள்ளையை நீங்க கவனிச்சுச் சொல்றதுதான் வேலை செய்யும்.

பாராட்டுன்னா "வெரி குட், வெரி குட்" இல்லை. "மூணாவது குழு டேபிள் போட்டு முடிச்சிட்டாங்க", அவ்வளவு போதும். நடந்ததை அப்படியே சொல்லணும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை எல்லார் முன்னாடியும் ரொம்பப் புகழ்ந்தா கூச்சப்பட்டு அடுத்த தடவை வேணும்னே செய்யாம விடுவாங்க, அவங்களுக்குத் தனியாச் சொல்றதே மேல்.

---

நீலமசி | செவ்வாய், மாலை 5.30

அமெரிக்காவில் ஒன்றாம் வகுப்பில் பத்துப் பதினைந்து குழந்தைகளை வைத்துச் செய்த சோதனையை இங்கே 44 வளர்ந்த பிள்ளைகளுக்குப் பொருத்துவது எப்படி? எல்லா ஆராய்ச்சியும் காகிதத்தில் அழகுதான்.

---

ஆனாஆவன்னா | செவ்வாய், மாலை 6.10

சார், அந்த "உட்காரு" சோதனை நடந்த வகுப்பில் பிள்ளைகள் எண்ணிக்கை ஐம்பதை ஒட்டி இருந்தது. ரெண்டு டீச்சர் சேர்ந்து நடத்தின வகுப்பு, அதை மறைக்கலை. வயசு வித்தியாசம் நீங்க சொல்றது சரி.

---

ஐந்தாம்பீரியட் | செவ்வாய், இரவு 10.30

புதுச்சாக்பீஸ், நீங்கள் எழுதிய அந்த ஒரு மூச்சு வாக்கியத்தில் ஐந்து கட்டளைகள் இருக்கின்றன. ஐந்தாவதைக் கேட்பதற்குள் முதலாவது மறந்துவிடும். அது போக, "குழுவா உட்காருங்க" என்றதும் பெஞ்ச் நகர ஆரம்பித்துவிடும், அதற்குப் பிறகு நீங்கள் சொன்ன எதுவும் யார் காதிலும் விழுந்திருக்காது.

நான் செய்வது இப்படி. யாரும் அசைவதற்கு முன்னால் முழுவதையும் சொல்லிவிட வேண்டும். "நான் 'தொடங்கலாம்' என்று சொன்ன பிறகு" என்றுதான் வாக்கியத்தையே ஆரம்பிப்பேன். அப்போதுதான் யாரும் பாதியில் எழ மாட்டார்கள். எங்கே உட்கார வேண்டும், கையில் என்ன இருக்க வேண்டும், எவ்வளவு சத்தம் இருக்கலாம், எத்தனை நிமிடம், இதை மட்டும் சொல்லிவிட்டு ஒரு பிள்ளையைத் திருப்பிச் சொல்லச் சொல்வேன். நன்றாகப் படிக்கிற பிள்ளையை அல்ல, கவனம் சிதறியிருக்குமோ என்று சந்தேகம் இருக்கிற பிள்ளையை. மாட்டிவிடுவதற்காக இல்லை. அவனுக்குப் புரிந்திருந்தால் வகுப்பு முழுவதற்கும் புரிந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு "தொடங்கலாம்."

லிட்மஸ் தாளும் டம்ளரும் பாடம் தொடங்கும் முன்பே ஒவ்வொரு வரிசையின் ஓரத்திலும் இருந்துவிட வேண்டும். ஆறு லீடர்கள் மேஜையைச் சுற்றி நின்றால் அங்கேயே ஒரு சண்டை தயாராகிவிடும். பெஞ்ச் நகர்த்துவதையும் விட்டுவிடுங்கள். முன் பெஞ்ச் பிள்ளைகள் அப்படியே பின்னால் திரும்பி உட்கார்ந்தால் குழு ஆகிவிட்டது.

முக்கியமாக, இதை ஒருநாள் ஒத்திகை பாருங்கள். பாடமே இல்லாமல், மாறுவதை மட்டும். எட்டாம் வகுப்பு சிரிக்கும், சிரிக்கட்டும். கடிகாரம் வைத்து "இப்போது எவ்வளவு நேரம் ஆச்சு, இன்னும் குறைக்க முடியுமா" என்று கேட்டால் அவர்களே போட்டி போட்டுச் செய்வார்கள். ஒத்திகைக்கு அரை பீரியட் போகும். அது போகட்டும், தினமும் தொலைகிற நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் மலிவு.

தாளம் போடும் பையனிடம் போர்டிலிருந்து திரும்பி "யாரது?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பதில் தெரிந்துகொண்டே கேட்கிற கேள்வி அது, வகுப்புக்கே தெரியும். ஒருவர் சிரிப்பார், பிறகு எல்லாரும்.

---

வாசல்காத்திருப்பு | புதன், காலை 11.00

ஒரு பெற்றோராக இடையில் வருகிறேன். மகள் ஏழாம் வகுப்பு. அவள் வீட்டுக்கு வந்து அழுதது திட்டு வாங்கியதற்காக அல்ல. யாரோ இருவர் பேசியதற்கு வகுப்பு முழுவதையும் நிற்க வைத்ததற்காக. "நான் என்ன தப்பு செய்தேன்?" என்று கேட்டாள், என்னிடம் பதில் இல்லை. புதிய டீச்சரிடம் ஒரே வேண்டுகோள், இதை மட்டும் செய்யாதீர்கள்.

இன்னொன்று டைரி. "வகுப்பில் அதிகம் பேசுகிறாள்" என்று எழுதி அனுப்புகிறார்கள். மாலை ஆறு மணிக்கு அதைப் படித்து நான் என்ன செய்ய? காலை பத்து மணிப் பேச்சுக்கு இரவில் தண்டனை கொடுத்தால் அவளுக்கு டீச்சர் மேல்தான் கோபம் வருகிறது. ஆண்டில் ஒரு தடவையாவது டைரியில் நல்ல செய்தி வந்தால் அடுத்த முறை வரும் புகாரை நானும் நம்பிப் படிப்பேன்.

---

கடைசிபெஞ்ச் | புதன், மதியம் 1.20

டைரியில் வீட்டுக்காரங்க கையெழுத்தை நானே போட்டுக் கொடுத்த காலம் ஞாபகம் வருது. அம்மா, உங்க பொண்ணு காட்டவாவது செய்யுதே.

டீச்சர், அந்த நட்சத்திரக் கதைக்கு வரேன். கடைசி குழு ஏன் கைவிட்டுச்சுன்னு உங்களுக்குத் தெரியலையா? ஆறு குழுவில் ஒண்ணுதான் ஜெயிக்கும். செவ்வாய்க்கிழமையே நாம கடைசின்னு தெரிஞ்சுபோச்சுன்னா புதன், வியாழன், வெள்ளி மூணு நாள் என்னத்துக்கு நல்ல பிள்ளையா இருக்கணும்? மத்த அஞ்சு குழுவையும் சேர்த்துக் கெடுக்கிறதுதான் அங்கே மிச்சம் இருக்கிற விளையாட்டு. நான்னா அதைத்தான் செய்வேன்.

---

ஐந்தாம்பீரியட் | புதன், இரவு 9.45

கடைசிபெஞ்ச் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். இந்த மாதிரிக் குழு விளையாட்டை முதன்முதலில் முறையாகச் சோதித்தது 1969இல். பாரிஷ், சாண்டர்ஸ், உல்ஃப் என்ற மூன்று பேர், நான்காம் வகுப்பில். வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து, இடத்தை விட்டு எழுந்தாலும் அனுமதியில்லாமல் பேசினாலும் அணிக்கு ஒரு குறி போட்டார்கள். சத்தம் நன்றாகவே குறைந்தது. ஆனால் கவனிக்க வேண்டிய இடம் வேறு. குறி ஓர் எல்லைக்குள் இருந்தால் இரண்டு அணியுமே வெற்றி பெறலாம். யாரும் யாரையும் தோற்கடிக்க வேண்டியதில்லை. அப்படி இருந்தும் ஒரு மாணவன் "இனி நான் ஆட மாட்டேன்" என்று அறிவித்துவிட்டான் என்று அந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது. எந்த வகுப்பிலும் ஒரு கடைசிபெஞ்ச் உண்டு போல.

ஆகவே நட்சத்திரம் வேண்டுமானால் இத்தனை எடுத்தால் யாருக்கும் பரிசு என்று மாற்றுங்கள். கணக்கை வாரக் கடைசி வரை இழுக்காதீர்கள், அந்த பீரியடோடு முடிந்துவிடட்டும். குழுக்களையும் அடிக்கடி கலைத்துப் போடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் மழலையர் பள்ளியில் செய்த சோதனை. ஏற்கெனவே ஆசையாகப் படம் வரைந்துகொண்டிருந்த குழந்தைகளிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு பரிசு இல்லாத நாள்களில் அந்தக் குழந்தைகள் முன்பைவிடக் குறைவாகத்தான் வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு கொடுத்த குழந்தைகளிடம் அந்தச் சரிவு இல்லை. லிட்மஸ் தாள் நிறம் மாறுவதைப் பார்க்க எட்டாம் வகுப்புக்கு நட்சத்திரம் தேவையில்லை. இடம் மாறுவது, சாமான் திருப்பி வைப்பது மாதிரி யாருக்கும் ஆசையில்லாத வேலைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

---

நீலமசி | வியாழன், காலை 6.20

படித்தேன். இரண்டு அணியும் ஜெயிக்கலாம் என்பது எனக்குப் புதிய தகவல், நல்ல யோசனை. கண்டிப்பு பற்றிய என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

ஆனால் அந்தத் தாளக்காரப் பையனைப் பற்றி எல்லோரும் எப்படி அடக்குவது என்றே பேசுகிறீர்கள். டீச்சர், முதலில் அவனுடைய நோட்டை வாங்கிப் பாருங்கள். நீங்கள் போர்டில் எழுதும்போது மட்டும்தான் சத்தம் என்கிறீர்கள். அப்போது அவன் எழுத வேண்டிய நேரம். நோட்டில் வரிகள் பாதியில் நின்றிருந்தால் கண் சரியாகத் தெரியாமல் இருக்கலாம். போர்டில் இருப்பது ஒரு எழுத்து விடாமல் இருந்து, சொந்தமாக எழுத வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தால் அவனுக்கு வாசிக்க வரவில்லை என்று பொருள். எட்டாம் வகுப்பு வரை அதை மறைத்துக்கொண்டே வந்துவிடுகிற பிள்ளைகள் உண்டு. "படிக்கத் தெரியாதவன்" என்று பெயர் வாங்குவதைவிட "அடங்காதவன்" என்று பெயர் வாங்குவது அவர்களுக்குக் கௌரவம். இதற்கு எந்த நட்சத்திரமும் உதவாது.

---

புதுச்சாக்பீஸ் | வியாழன், இரவு 8.30

நீலமசி சார், இன்னைக்கு எல்லார் நோட்டையும் திருத்தணும்னு வாங்கி, அவனோடதையும் பார்த்தேன். நீங்க சொன்ன ரெண்டும் இல்லை. நோட்டு முழுசா இருக்கு, கையெழுத்தும் நல்லா இருக்கு. சொந்தமா எழுதின பதில்கள் வகுப்பிலேயே நல்ல பதில்கள். நாளைக்கு எழுத வேண்டிய கேள்விக்கும் இன்னைக்கே பதில் எழுதி வெச்சிருக்கான். நான் போர்டில் மெதுவா, அழகா எழுதிட்டிருக்கிற நேரத்தில் அவன் முடிச்சிடுறான். மிச்ச நேரத்துக்குத்தான் தாளம்.

ஒத்திகையும் பார்த்தாச்சு. சிரிச்சாங்க, ஆனா மூணாவது தடவை பெஞ்ச் நகர்த்தாம, சத்தமில்லாம திரும்பி உட்கார்ந்தாங்க. ஒரு பொண்ணு, "மிஸ், இதையே முதல்ல சொல்லியிருக்கலாம்ல"ன்னு கேட்டா.

இன்னொரு சந்தேகம். கேள்வி கேட்டால் அதே மூணு பேர்தான் கை தூக்குறாங்க. மத்தவங்க அந்த நேரத்தில்தான் பேச ஆரம்பிக்கிறாங்க. இதுவும் வகுப்பு நடத்துற பிரச்சினைதானா, இல்லை பாடப் பிரச்சினையா?

---

ஐந்தாம்பீரியட் | வியாழன், இரவு 10.10

இரண்டும் ஒன்றுதான். மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970களில் ஆசிரியர்களின் வகுப்புகளைப் பதிவு செய்து நேரம் அளந்தார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் காத்திருப்பது சராசரியாக 1 விநாடி. பதில் வராவிட்டால் அடுத்த ஆள், அல்லது ஆசிரியரே பதிலைச் சொல்லிவிடுகிறார். 1 விநாடியில் பதில் சொல்லக்கூடியவர்கள் அந்த மூன்று பேர்தான். மற்றவர்களுக்கு இது தங்களுக்கான கேள்வி இல்லை என்று தெரிந்துவிடுகிறது.

3 விநாடியாவது காத்திருக்கப் பழகியபோது பதில்கள் நீண்டன, "தெரியாது" என்பதும் மௌனமும் குறைந்தன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகள் பேசினார்கள். நம் இழைக்கு வேண்டிய செய்தி ஒன்றும் அதில் உண்டு. ஆசிரியர் பிள்ளைகளைக் கண்டிக்க வேண்டிய சந்தர்ப்பங்களும் குறைந்தன. பதில் வந்த பிறகும் அதே அளவு காத்திருக்க வேண்டும் என்கிறார். உடனே "சரி" என்று சொல்லி மூடிவிட்டால் அடுத்தவருக்குச் சேர்க்க ஒன்றும் இருக்காது.

கேட்க எளிது. நின்று பாருங்கள், அந்த 3 விநாடி மூன்று நிமிடம் மாதிரி இருக்கும். கை தூக்குவதை நிறுத்தி, எல்லாரும் நோட்டின் ஓரத்தில் ஒரு வரி எழுதட்டும், நீங்கள் நடந்துகொண்டே பார்த்து யாரைக் கேட்பது என்று தேர்ந்தெடுங்கள். காத்திருப்பதும் சுலபமாகும், அத்தனை பேர் கையிலும் வேலையும் இருக்கும்.

உங்கள் தாளக்காரருக்கும் இதுவே மருந்து. போர்டில் எழுதி எல்லாரையும் பார்த்தெழுதச் சொல்வதைக் குறைத்தால் அவருக்குத் தாளம் போட நேரமே கிடைக்காது.

---

நீலமசி | வெள்ளி, காலை 6.05

இங்கேதான் உடன்பட மாட்டேன். போர்டில் எழுதிப் போடாவிட்டால் பாதிப் பேர் நோட்டில் ஒன்றும் இருக்காது. தேர்வுக்கு முந்தைய இரவு அவர்கள் எதைப் படிப்பார்கள்? சீக்கிரம் முடிக்கிற ஒருவனுக்காக நாற்பது பேரின் நோட்டைப் பணயம் வைக்கக்கூடாது. அவனுக்குத் தனி வேலை கொடுங்கள்.

---

ஆனாஆவன்னா | வெள்ளி, காலை 7.00

தனி வேலைன்னா "டஸ்டர் எடுத்துட்டு வா", "ஹெச்.எம். ரூமில் சாக்பீஸ் வாங்கிட்டு வா" வேலை வேண்டாம். சீக்கிரம் முடிச்சதுக்கு எடுபிடி வேலைன்னா அடுத்த தடவை மெதுவா எழுதுவான். கூடவே ஒரு கஷ்டமான கேள்வியை போர்டின் மூலையில் வெச்சிடுங்க, முடிச்சவங்க யாரும் எடுக்கலாம்னு.

அப்புறம் அவன்கிட்ட பேசுறதா இருந்தால் காதுக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசுங்க. 1970இல் ஓலியரி குழுவினர் ரெண்டு விதமாவும் சோதிச்சாங்க. வகுப்பே கேட்கிற மாதிரிக் கண்டிக்கிறதைவிட, அந்தப் பிள்ளைக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெல்லச் சொன்னப்போ பெரும்பாலான பிள்ளைகளிடம் தொல்லை குறைஞ்சது. குரல் இல்லைன்னு வருத்தப்பட்டீங்களே, இதுக்கு அது வசதிதான்.

---

கடைசிபெஞ்ச் | வெள்ளி, காலை 9.10

நீலமசி சார் பேசுறதைப் பார்த்தா கண்டிப்பான வாத்தியார்னு தெரியுது. ஆனா நோட்டை வாங்கிப் பாருன்னு சொன்னது இந்த இழையில் நீங்க ஒருத்தர்தான். எங்க காலத்தில் எவனும் என் நோட்டைத் தொட்டதில்லை.

---

புதுச்சாக்பீஸ் | வெள்ளி, இரவு 9.00

நோட்ஸ் விஷயத்தில் நடுவில் ஒரு வழி எடுக்கலாம்னு இருக்கேன். முக்கியமான வரைபடமும் வரையறையும் மட்டும் போர்டில், அதையும் பிள்ளைகள் வர்றதுக்கு முன்னாடியே எழுதி வெச்சிடுவேன். நான் முதுகைக் காட்டிட்டு நிற்க வேண்டியதில்லை. மிச்சத்தை அவங்களே எழுதட்டும், கடைசியில் பக்கத்துப் பிள்ளையோட நோட்டைப் பார்த்துச் சரிபார்க்கட்டும். நீலமசி சார், அலகுத் தேர்வு முடிஞ்சதும் நோட்டு என்ன நிலையில் இருக்குன்னு இங்கேயே எழுதுறேன், அப்ப திட்டுங்க.

பக்கத்து வகுப்பு டீச்சர்கிட்டயும் பேசிட்டேன். குழு வேலை எந்தெந்த நாள், எந்த நேரம்னு முன்னாடியே சொல்லிட்டால் போதும், அந்த நேரத்தில் அவங்க டெஸ்ட் வைக்காமப் பார்த்துக்கிறேன்னாங்க. சத்தம் அவங்களுக்குப் பிரச்சினை இல்லையாம், எப்ப வரும்னு தெரியாததுதான் பிரச்சினையாம்.

இப்ப புதுசா ஒன்னு. நான் லீவு போட்ட நாளில் மாற்று டீச்சர் வந்து, லீடரைக் கூப்பிட்டு மறுபடி போர்டில் பேர் எழுதச் சொல்லியிருக்காங்க. திரும்பி வந்தால் 11 பேர் பேர். நான் என்ன செய்யப் போறேன்னு எல்லாரும் பார்க்கிறாங்க.

---

ஐந்தாம்பீரியட் | வெள்ளி, இரவு 9.40

அழித்துவிட்டுப் பாடத்தைத் தொடங்குங்கள். மாற்று டீச்சரைப் பற்றி வகுப்பில் ஒரு வார்த்தை வேண்டாம். அடுத்த முறை லீவு என்றால் வந்ததும் செய்ய வேண்டிய கேள்வி, அந்த பீரியடுக்கான வேலை, "பெயர் எழுத வேண்டாம், நோட்டை மட்டும் வாங்கி வையுங்கள்" என்ற ஒரு வரி, மூன்றையும் ஒரே தாளில் எழுதி மேஜையில் வைத்துவிட்டுப் போங்கள்.

---

நீலமசி | வெள்ளி, இரவு 10.00

அந்தப் 11 பேரில் தாளக்காரன் உண்டா?

---

புதுச்சாக்பீஸ் | வெள்ளி, இரவு 10.05

இல்லை சார். எழுதினதே அவன்தான். லீடர் அன்னைக்கு லீவு.

---

மட்டுறுத்துநர் | சனி, காலை 8.00

மாற்று ஆசிரியர் வரும் நாள்களைப் பற்றிக் கேள்விகள் நிறைய வருவதால் அதற்குத் தனி இழை திறக்கப்பட்டுள்ளது. நோட்ஸ் பற்றிய விவாதம் இங்கேயே தொடரலாம்.